“அப்போ கொன்னது யாரு?”: ‘டுவெல்வ் ஆங்ரி மென்’ பார்த்துவிட்டு அப்பா கேட்ட கேள்விக்குப் பதில்

கேள்வி இதுதான். ஒருவர் தன் அப்பாவோடு உட்கார்ந்து ‘டுவெல்வ் ஆங்ரி மென்’ பார்த்திருக்கிறார், 1957இல் வந்த கறுப்பு வெள்ளைப் படம். அப்பனைக் குத்திக் கொன்றதாக ஒரு பையன்மேல் வழக்கு, அவன் குற்றவாளியா இல்லையா என்று சொல்லக் கூப்பிடப்பட்ட பன்னிரண்டு சாதாரண ஜனங்கள், அதாவது ஜூரி, ஓர் அறைக்குள் பேசி முடிவெடுப்பதுதான் கதை. ஆங்கிலம் பிடிபடாத இடங்களில் அப்பாவுக்குத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தவர், கடைசியில் “பையன் நிரபராதின்னு முடிவு பண்ணிட்டாங்கப்பா” என்றிருக்கிறார். அப்பா உடனே, “அப்போ கொன்னது யாரு?” இவரிடம் பதில் இல்லை. கூடவே இன்னும் சில சந்தேகங்கள்: பதினொரு பேர் ஒரு பக்கம் நிற்கும்போது ஒரே ஒருத்தருக்காக ஏன் மல்லுக்கட்ட வேண்டும், ‘ஹங் ஜூரி’ என்றால் என்ன, வெளியிலிருந்து கத்தி வாங்கிக்கொண்டு வந்தது சரியா, நம் ஊரில் இதெல்லாம் உண்டா, பையன்தான் கொன்றான் என்று பின்னால் தெரிந்தால் மறுபடி பிடிக்கலாமா.

நான் செஷன்ஸ் கோர்ட்டில் கிரிமினல் பக்கம் வழக்காடுகிறவன். நம் கோர்ட்டில் ஜூரியே கிடையாது என்பதால் ஜூரியின் முன்னால் நின்று பேசிய அனுபவம் எனக்கும் இல்லை. ஆனால் இந்தப் படத்தை எத்தனை முறை பார்த்தேன் என்று கணக்கு வைத்துக்கொள்ளவில்லை, அதில் எது சட்டம் எது சினிமா என்று கிளறிப் பார்க்கிற கெட்ட பழக்கமும் உண்டு. கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் அப்பாவின் கேள்வி, ஏனென்றால் மற்ற எல்லாவற்றுக்கும் சாவி அதில்தான் இருக்கிறது. நீங்கள் செய்த ஒரே தவறு ‘நிரபராதி’ என்ற வார்த்தையைப் போட்டது. அந்தப் பன்னிரண்டு பேரிடம் நீதிபதி ‘யார் கொன்றது’ என்று கேட்கவே இல்லை. ‘இந்தப் பையன்தான் கொன்றான் என்பதை அரசுத் தரப்பு நிரூபித்துவிட்டதா’ என்று மட்டும்தான் கேட்டார். நிரூபித்துவிட்டது என்றால் ‘குற்றவாளி’, இல்லையென்றால் ‘குற்றவாளி அல்ல’. இந்த இரண்டாவதற்கு அர்த்தம் அவன் உத்தமன் என்பதல்ல, கேஸ் நிற்கவில்லை என்பதுதான். நம் கோர்ட்டுத் தீர்ப்புகளில் இதற்கென்று ஒரு வாய்பாடே உண்டு: ‘குற்றச்சாட்டு சந்தேகத்திற்கிடமின்றி நிரூபிக்கப்படவில்லை என்பதால், சந்தேகத்தின் பலனை எதிரிக்கு அளித்து விடுதலை செய்து தீர்ப்பளிக்கப்படுகிறது.’ இங்கே எதிரி என்பது குற்றம் சாட்டப்பட்டவர். முதல் எதிரி, இரண்டாம் எதிரி என்றுதான் எங்கள் கட்டுகளில் எழுதியிருக்கும். எதிர்த்தரப்பு என்ற பழைய அர்த்தத்தில் வந்த சொல்தான், ஆனால் முதல்முறை கோர்ட்டுக்கு வருகிற குடும்பம் தன் பிள்ளையை ‘எதிரி’ என்று கூப்பிடுவதைக் கேட்டு முகம் வெளிறுவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

‘விடுதலை’ என்ற சொல்லும் அப்படித்தான், எல்லாவற்றையும் ஒரே சாக்கில் போட்டுக் கட்டிவிடுகிறது. ஜாமீனில் வெளியே வந்தாலும் விடுதலை, தண்டனைக் காலம் முடிந்து வந்தாலும் விடுதலை, வழக்கே பொய் என்று நீதிபதி கண்டாலும் விடுதலை, போதிய சாட்சியம் இல்லை என்றாலும் விடுதலை. வித்தியாசம் எங்கே உறைக்கும் தெரியுமா? தமிழ்நாட்டில் போலீஸ் வேலைக்கு விண்ணப்பிக்கும்போது. சந்தேகத்தின் பலனில் விடுதலையானவரைக் கிரிமினல் வழக்கில் சம்பந்தப்பட்டவராகவே கருதலாம் என்று அந்தத் தேர்வு விதியிலேயே விளக்கம் எழுதி வைத்திருக்கிறார்கள். விடுதலையாகி லட்டு கொடுத்துவிட்டுப் போன பையன் ஒருவன் இரண்டு வருடம் கழித்து, “சார், தீர்ப்புல அந்த ஒரு வரியை எடுக்க முடியுமா?” என்று வந்து நின்றிருக்கிறான். முடியாது.

அதனால் அப்பாவிடம் இப்படிச் சொல்லுங்கள்: கொன்றது யார் என்று தெரியாது, கண்டுபிடிப்பது அந்த அறையில் இருந்தவர்களின் வேலையும் இல்லை. படத்தில் ஹென்றி ஃபோண்டா நடித்த எட்டாம் எண் ஜூரரே, பையன் கொல்லவில்லை என்று எங்கேயும் அடித்துச் சொல்வதில்லை. தனக்குத் தெரியாது என்றுதான் ஆரம்பிக்கிறார், கடைசி வரை அங்கேதான் நிற்கிறார். என் சொந்த அபிப்பிராயத்தைக் கேட்டால், பையன் கொன்றிருக்கத்தான் வாய்ப்பு அதிகம். அன்று ராத்திரி அப்பனோடு சண்டை. கொலைக் கத்தி மாதிரியே ஒன்றை வாங்கியவன், அதைக் கேட்டால் பையிலிருந்த ஓட்டை வழியாக விழுந்துவிட்டது என்கிறான். கொலை நடந்த நேரத்தில் சினிமாவில் இருந்தேன் என்கிறான், படத்தின் பெயர் வாயில் வரவில்லை. கீழ்வீட்டுக் கிழவர், எதிர்வீட்டுப் பெண் என்று இரண்டு சாட்சிகள். இவ்வளவும் ஒரே ஆள்மேல் தற்செயலாக வந்து விழுமா என்று அரசு வக்கீல் கேட்டால் எனக்கே சட்டென்று பதில் வராது. ஆனால் ‘வாய்ப்பு அதிகம்’ என்பது கடன் பாக்கி வழக்குக்குப் போதும், கொலை வழக்குக்குப் போதாது.

சரி, அப்படியானால் எவ்வளவு வேண்டும்? படத்தில் நீதிபதி சலிப்பான குரலில் ஒப்பிப்பதுபோல் சொல்வாரே, நியாயமான சந்தேகம் இருந்தால் விட்டுவிட வேண்டும் என்று, அதுதான் அளவுகோல். இதில் எல்லாரும் ‘சந்தேகம்’ என்ற சொல்லைப் பிடித்துக்கொள்கிறார்கள், கனம் ‘நியாயமான’ என்பதில் இருக்கிறது. செவ்வாய்க் கிரகத்துக்காரன் வந்து குத்தியிருக்கலாமே என்பதும் சந்தேகம்தான், அதற்கு மதிப்பில்லை. சாட்சியத்தின் உள்ளேயிருந்தே காரணம் காட்ட வேண்டும். கிழவர் விஷயத்தைப் பாருங்கள். விழுந்த சத்தம் கேட்டுப் படுக்கையிலிருந்து எழுந்து பதினைந்து விநாடியில் கதவைத் திறந்தேன், பையன் ஓடுவதைப் பார்த்தேன் என்கிறார். அவர் காலை இழுத்து இழுத்து நடக்கிறவர். வீட்டு வரைபடத்தைக் கேட்டு வாங்கி, அறைக்குள்ளேயே தூரத்தை அளந்து, எட்டாம் எண் நொண்டி நடந்து காட்ட, இன்னொருவர் கடிகாரத்தைப் பார்க்க, நாற்பது விநாடிக்கு மேல் ஆகிறது. இது நியாயமான சந்தேகம். எண்ணோடு வருகிறது, சாட்சி சொன்ன சொல்லிலிருந்தே வருகிறது. எங்கள் பாஷையில் சொன்னால் அ.சா.வை கிராஸில், அதாவது குறுக்கு விசாரணையில், உடைத்தாயிற்று. அ.சா. என்றால் அரசுத் தரப்பு சாட்சி.

இந்த அளவுகோல் அமெரிக்காவில் எல்லாக் கிரிமினல் வழக்குக்கும் அரசியலமைப்பே கேட்கிற ஒன்று என்று அந்த நாட்டு உச்ச நீதிமன்றம் வெளிப்படையாக எழுதி வைத்தது 1970இல்தான், படம் வந்து பதின்மூன்று வருடம் கழித்து. அதுவும் கொலை வழக்கில் இல்லை. நியூயார்க்கில் ஒரு லாக்கரில் இருந்த பர்ஸிலிருந்து 112 டாலர் திருடியதாகப் பிடிபட்ட பன்னிரண்டு வயதுப் பையன் வழக்கில். வின்ஷிப் வழக்கு என்பார்கள். அதற்கு முன்னாலும் வழக்கத்தில் இருந்தது, ஆனால் எழுத்தில் அழுத்தம் வந்தது அப்போதுதான்.

அடுத்து, பதினொன்றுக்கு ஒன்று. படத்தின் ஆரம்பத்தில் கையைத் தூக்கி வாக்கெடுத்ததும் பதினொரு கை ‘குற்றவாளி’, ஒரு கை இல்லை. நம்மூர் கூட்டமாக இருந்தால் தீர்மானம் நிறைவேறியது என்று எழுதிவிட்டு டீ குடிக்கப் போயிருப்பார்கள். அங்கே தீர்ப்பு ஒருமித்ததாக இருக்க வேண்டும், எந்தப் பக்கம் போனாலும். ஒரே ஆளை வைத்து எல்லாரையும் நிறுத்துகிற இந்த ஏற்பாடு சிலருக்கு எரிச்சலாக இருந்தது, எரிச்சல் யாருக்கு வந்தது என்பதில்தான் கதை இருக்கிறது. லூசியானா மாநிலம் 1898இல் தன் அரசியலமைப்பு மாநாட்டில் ஒருமித்த தீர்ப்பு வேண்டாம் என்று மாற்றிக்கொண்டது. கறுப்பின மக்கள் ஜூரியில் உட்காருவதைத் தடுக்க முடியாத நிலையில், ஒருவரோ இருவரோ வந்து உட்கார்ந்தாலும் அவர்கள் வாக்கு செல்லாக்காசாக வேண்டும் என்பதுதான் அந்த மாநாட்டின் கணக்கு. ஓரிகன் மாநிலம் 1934இல் அதே வழிக்குப் போனது, ஒரு யூதர்மீதான கொலை வழக்கில் ஒரே ஒரு ஜூரர் ஒத்துவராததால் எழுந்த கூச்சலுக்குப் பிறகு. இரண்டு மாநிலத்திலும் மரண தண்டனை வழக்கு தவிர்த்த பல பெரிய வழக்குகளில் பத்துக்கு இரண்டு போதும் என்று ரொம்ப காலம் ஓடியது. பத்துக்கு இரண்டு என்ற கணக்கில் ஆயுள் முழுக்க உள்ளே தள்ளப்பட்ட ஒருவர் வழக்குப் போட்டு, 2020இல் ‘ராமோஸ் எதிர் லூசியானா’ தீர்ப்பில்தான் அது முழுக்க ஒழிந்தது. இங்கிலாந்து வேறு மாதிரி, 1967லிருந்து அங்கே பத்துக்கு இரண்டு செல்லும். பன்னிரண்டு என்ற எண்ணும் தெய்வ வாக்கு இல்லை, ஃபுளோரிடாவில் மரண தண்டனை இல்லாத வழக்குக்கு ஆறு பேர் போதும், அது சரி என்று 1970இல் தீர்ப்பே இருக்கிறது. ஐந்து பேர் மட்டும் போதாது என்று 1978இல் நிறுத்திவிட்டார்கள்.

ஹங் ஜூரி என்பதை ‘தொங்கும் ஜூரி’ என்று மொழிபெயர்த்து யாரையோ தூக்கில் போடுவதாக நினைத்துக்கொண்டவர்களும் உண்டு. இழுபறியில் நிற்கும் ஜூரி, அவ்வளவுதான். பேசிப் பேசியும் ஒருமித்து வரவில்லை, இனி வராது என்று நீதிபதியிடம் சொல்லிவிட்டால், விசாரணை செல்லாது என்று அறிவித்து அவர்களை அனுப்பிவிடுவார். பையன் வீட்டுக்குப் போகமாட்டான், அரசுத் தரப்பு விரும்பினால் புது ஜூரியை வைத்து முதலிலிருந்து நடத்தலாம். இது 1824இலேயே முடிவான விஷயம். அதனால்தான் படத்தில் நடுவில் ஒருவர் ‘ஒத்துவரவில்லை என்று சொல்லிவிட்டுக் கிளம்பலாம்’ என்று பேசும்போது மற்றவர்கள் தயங்குகிறார்கள். கையைக் கழுவுகிறோம் என்று நினைத்துக்கொண்டு பையனை இன்னொரு பன்னிரண்டு பேரிடம் ஒப்படைப்பது அது. நிஜத்தில் நீதிபதியும் லேசில் விடமாட்டார். திரும்ப உள்ளே அனுப்பி, சிறுபான்மையாக இருப்பவர்கள் தங்கள் சந்தேகம் நியாயமானதுதானா என்று மறுபடி யோசித்துப் பாருங்கள் என்று ஒரு சின்ன உரை ஆற்றுவார். 1896இல் உச்ச நீதிமன்றம் ஒப்புக்கொண்ட உரை அது, வக்கீல்கள் வைத்த பட்டப்பெயர் ‘டைனமைட் சார்ஜ்’. அடைத்துக்கொண்ட பாறையை வெடி வைத்து உடைப்பதுபோல என்று. சில மாநிலங்கள், தனியாக நிற்கும் ஒருவரை மிரட்டுவதாகிறது என்று இதை விட்டுவிட்டன.

படத்தில் சட்டத்துக்குப் பொருந்துகிற சின்னச் சின்ன விஷயங்கள் நிறைய. முதல் எண் ஜூரர் தலைவராக இருப்பது தற்செயல் இல்லை. நியூயார்க்கில் முதலில் பெயர் எடுக்கப்படுகிறவர்தான் தலைவர், தேர்தல் எல்லாம் இல்லை. ஆரம்பத்தில் மாற்று ஜூரர்களை அனுப்பிவிடுவார்கள், அதுவும் சரி. வழக்கு நடக்கும்போது யாருக்காவது உடம்புக்கு முடியாமல் போனால் இடம் நிரப்ப வைத்திருந்தவர்கள் அவர்கள். கத்தியையும் வரைபடத்தையும் கேட்டு வாங்குவது சரி, கோர்ட்டில் குறியீடு செய்த பொருள் எதையும் கேட்கலாம். வெளியிலிருந்து கதவைப் பூட்டுவது, காவலர் நிற்பது எல்லாம் உள்ளதுதான். குற்றவாளி என்றால் மரண தண்டனை கட்டாயம் என்று நீதிபதி சொல்வதும் அந்தக் காலத்து நியூயார்க்குக்குப் பொருந்துகிறது. திட்டமிட்ட கொலைக்கு அப்போது அங்கே வேறு தண்டனை கிடையாது, 1963இல்தான் மாற்றினார்கள். நாடு முழுக்கக் கட்டாய மரண தண்டனை செல்லாது என்றானது 1976இல். பொதுவாக ஜூரி குற்றத்தை மட்டும் முடிவு செய்யும், தண்டனை நீதிபதி கையில். இங்கே இரண்டும் ஒன்றாகிவிடுவதால்தான் அந்த அறையில் அவ்வளவு புழுக்கம், மின்விசிறி ஓடாதது மட்டும் காரணம் இல்லை.

இனி கத்தி. படத்தின் மிகச் சிறந்த காட்சி அதுதான். அப்படி ஒரு கத்தி ஊரிலேயே இல்லை என்று மேசையில் குத்தி வைத்திருக்கிறார்கள், எட்டாம் எண் தன் பையிலிருந்து அச்சு அசலாக இன்னொன்றை எடுத்து விரித்துப் பக்கத்திலேயே குத்துகிறார். முந்தின ராத்திரி பையனின் பேட்டையில் நடந்து போய் அடகுக் கடையில் ஆறு டாலருக்கு வாங்கினாராம். அங்கே நிமிர்ந்து உட்காராதவர் யாரும் இருக்க முடியாது. சட்டப்படி பார்த்தால் முழுத் தப்பு. விற்கவோ வாங்கவோ கூடாத கத்தியை வாங்கினார் என்பது சின்னக் குற்றம், படத்திலேயே ஒப்புக்கொள்கிறார். பெரிய குற்றம், கோர்ட்டில் வைக்காத சாட்சியத்தைத் தானே தேடிப்பிடித்து உள்ளே கொண்டுவந்தது. அந்தக் கத்தி கோர்ட்டில் வந்திருந்தால் அரசு வக்கீல் கடைக்காரரைக் கூண்டில் ஏற்றி, இது எப்போது வந்தது, எத்தனை விற்றாய், கொலை நடந்த அன்று உன்னிடம் இருந்ததா என்று கேட்டிருப்பார். பூட்டிய அறையில் அதைக் கேட்க ஆளில்லை. 1979இல் அதே நியூயார்க்கில், ஒரு போலீஸ்காரர் வேனுக்குள் உட்கார்ந்து பார்த்ததாகச் சொன்னது முடியுமா என்று ஒரு ஜூரர் தன் சொந்த வேனில் உட்கார்ந்து சோதித்துப் பார்த்து மற்றவர்களிடம் சொன்னார், அந்தத் தண்டனையையே மேல் நீதிமன்றம் ரத்து செய்தது. ஃபோண்டா செய்தது அதைவிடக் கொஞ்சமும் குறைச்சல் இல்லை.

அதே சமயம் நொண்டி நடந்து காட்டியது தப்பில்லை என்பேன். தூரம் வரைபடத்தில் இருந்தது, நேரம் சாட்சி சொன்னது, இரண்டையும் கூட்டிப் பார்த்தார்கள், வெளியிலிருந்து எதுவும் வரவில்லை. இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது ஐந்தாம் எண் ஜூரரின் கத்திப் பாடம். சேரியில் வளர்ந்தவர், இந்த மாதிரிக் கத்தியைக் கீழிருந்து மேலாகத்தான் குத்துவார்கள், காயம் மேலிருந்து கீழாக இருக்கிறதே என்கிறார். வாழ்க்கை அனுபவத்தை வெளியே கழற்றி வைத்துவிட்டு வரச் சொல்ல முடியாது, அதற்காகத்தானே சாதாரண ஜனங்களைக் கூப்பிடுகிறோம். ஆனால் எட்டிப்போனால் அது நிபுணர் சாட்சியம். 2000இல் நியூயார்க்கில் ஜூரியில் இருந்த இரண்டு நர்ஸுகள், எவ்வளவு ரத்தம் போயிருக்கும் என்று தாங்களே கணக்குப் போட்டு மற்றவர்களுக்குச் சொன்னதற்காகத் தண்டனை நிற்கவில்லை. ஐந்தாம் எண்ணுக்கு நான் பாதி மார்க் போடுவேன். எதிர்வீட்டுப் பெண்ணின் மூக்கில் கண்ணாடித் தழும்பு இருந்ததைக் கவனித்தது சரி, சாட்சியின் முகத்தைப் பார்ப்பதற்குத்தான் ஜூரியை அங்கே உட்கார வைத்திருக்கிறார்கள். அதிலிருந்து அவள் அந்த ராத்திரி கண்ணாடி போடவில்லை என்பது ஊகம், ஆனால் கேட்டால் நியாயமாகப் படுகிற ஊகம். என் கோபமெல்லாம் பையனின் வக்கீல்மேல்தான். பன்னிரண்டு பேர் ஒரு மத்தியானத்தில் கண்டுபிடித்ததில் ஒன்றைக்கூட அந்த மனிதர் கிராஸில் கேட்கவில்லை.

அமெரிக்க உச்ச நீதிமன்ற நீதிபதி சோனியா சோட்டோமேயர், தான் சட்டத்துறைக்கு வர இந்தப் படமும் ஒரு தூண்டுதல் என்று 2010இல் சொன்னார். கூடவே, கீழ் நீதிமன்றத்தில் நீதிபதியாக இருந்தபோது, இந்தப் படத்தில் வருகிறவர்கள் மாதிரி நடந்துகொள்ளாதீர்கள் என்று ஜூரர்களுக்குச் சொல்லுவாராம். இரண்டையும் ஒரே மூச்சில் சொல்ல முடிகிற படம் வேறு இருக்கிறதா தெரியவில்லை.

வேடிக்கை என்னவென்றால், உள்ளே இவ்வளவு நடந்தும் வெளியே யாருக்கும் தெரியப்போவதில்லை. ஜூரி அறைக்குள் பேசியதை வைத்துத் தீர்ப்பைக் கலைக்க முடியாது என்பது 1785லிருந்து வருகிற விதி. ஏழாம் எண் ஜூரருக்கு பேஸ்பால் ஆட்டத்துக்கு டிக்கெட் இருக்கிறது, நேரத்துக்குப் போக வேண்டும் என்பதற்காகவே கட்சி மாறுகிறார், பதினோராம் எண் அவரைப் பிடித்து உலுக்குகிறார். சட்டம் உலுக்காது, ஏன் மாறினாய் என்று கேட்கவே கேட்காது. 1987இல் உச்ச நீதிமன்றம் வரை போன ஒரு வழக்கில், ஜூரர்கள் மத்தியானச் சாப்பாட்டில் குடித்தார்கள், கஞ்சாவும் கொக்கெயினும் எடுத்தார்கள் என்று அவர்களில் இருவரே சொன்னார்கள். அதையும் விசாரிக்க முடியாது என்றார்கள்! ஒரே ஒரு கதவு 2017இல் திறந்தது. ‘இவன் மெக்சிகன், அதனால் செய்திருப்பான்’ என்கிற தொனியில் ஒரு ஜூரர் பேசிய கொலராடோ வழக்கில், இனவெறிதான் தீர்ப்புக்குக் காரணம் என்று தெளிவாகத் தெரிந்தால் மட்டும் அறைக்குள் நடந்ததைக் கேட்கலாம் என்றார்கள். பத்தாம் எண் ஜூரர் ‘அந்த ஆட்களே அப்படித்தான்’ என்று கத்தும்போது ஒவ்வொருவராக எழுந்து போய் முதுகைக் காட்டி நிற்பார்களே, அந்தக் காட்சி வந்து அறுபது வருடம் கழித்து.

நம் ஊரில் உண்டா என்றால், இருந்தது. எம்.கே. தியாகராஜ பாகவதரையும் என்.எஸ். கிருஷ்ணனையும் லட்சுமிகாந்தன் கொலை வழக்கில் 1945இல் உள்ளே அனுப்பியது சென்னையில் ஜூரி வைத்து நடந்த விசாரணைதான். அன்றைக்குக் கடைசி மேல்முறையீட்டு மன்றமாக இருந்த லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய், வழக்கு திரும்பி வந்து 1947இல் விடுதலையானார்கள். அதற்குள் பாகவதரின் காலம் முடிந்துவிட்டது. அப்புறம் பம்பாயில் நானாவதி வழக்கு, 1959. மனைவியின் காதலனைச் சுட்ட கடற்படை அதிகாரி, ஒன்பது பேர் ஜூரியில் எட்டுக்கு ஒன்று ‘குற்றவாளி அல்ல’. ஆனால் நம் பழைய சட்டத்தில் ஜூரி சொன்னது கடைசி வார்த்தை இல்லை, ஒத்துக்கொள்ள முடியாது என்று நீதிபதி ஐகோர்ட்டுக்கு அனுப்பலாம். அனுப்பினார், ஐகோர்ட் ஆயுள் தண்டனை கொடுத்தது, 1961இல் உச்ச நீதிமன்றமும் உறுதி செய்தது. அதுதான் கடைசி ஜூரி வழக்கு என்று எல்லாரும் சொல்வார்கள், உண்மையில் அதற்குப் பிறகும் சில இடங்களில் ஜூரி இருந்தது. 1973இல் வந்த புதுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில்தான் முழுக்கப் போனது. பார்சிகளின் மணமுறிவு வழக்கில் மட்டும் ‘டெலிகேட்’ என்ற பெயரில் அதன் வால் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஜூரியே இல்லாத நாட்டில் 1986இல் பாசு சாட்டர்ஜி இந்தப் படத்தை இந்தியில் எடுத்தார்.

இலங்கையில் இன்றும் உண்டு. உயர் நீதிமன்றத்தில் ஏழு பேர், ஐந்துக்கு இரண்டு இருந்தால் போதும். நாடாளுமன்ற உறுப்பினர் நடராஜா ரவிராஜ் 2006இல் கொழும்பில் சுட்டுக் கொல்லப்பட்ட வழக்கில், எதிரிகள் கேட்டபடி சிங்களம் பேசுகிற ஜூரி அமைந்தது. குடும்பத்தின் சார்பில் எதிர்ப்புச் சொல்லியும் எடுபடவில்லை. 2016 டிசம்பரில், நள்ளிரவு தாண்டி, குற்றம் சாட்டப்பட்ட அனைவரையும் அந்த ஜூரி விடுவித்தது. யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பது எப்படி உட்கார்ந்து பேசினார்கள் என்பதற்கு முன்னால் வருகிற கேள்வி, படம் அதைத் தொடவில்லை. பன்னிரண்டு பேரும் வெள்ளைக்கார ஆண்கள்.

கடைசிக் கேள்வி, மறுபடி பிடிக்கலாமா. முடியாது. ஒருவரை ஒரே குற்றத்துக்கு இரண்டு முறை விசாரிக்கக் கூடாது என்று அமெரிக்க அரசியலமைப்பின் ஐந்தாவது திருத்தம் சொல்கிறது, ஜூரி விட்டுவிட்டால் அரசுத் தரப்புக்கு மேல்முறையீடும் இல்லை. ஃபோண்டா கத்தி வாங்கிய கதை தீர்ப்புக்கு முன் தெரிந்திருந்தால் விசாரணையே செல்லாமல் போயிருக்கலாம், ‘குற்றவாளி’ என்று வந்த பிறகு தெரிந்திருந்தால் அதை ரத்து செய்திருப்பார்கள், ‘குற்றவாளி அல்ல’ என்று வந்த பிறகு தெரிந்தால் ஒன்றும் செய்ய முடியாது. மாநிலக் கோர்ட்டு விட்டதை மத்திய அரசு தன் சட்டத்தின் கீழ் தனியாகப் பிடிக்கிற வழி ஒன்று உண்டு, லாஸ் ஏஞ்சலஸில் ராட்னி கிங் என்ற கறுப்பினத்தவரை அடித்த போலீஸ்காரர்களில் இருவர் அப்படித்தான் 1993இல் மாட்டினார்கள். அப்பனை மகன் குத்திய வழக்கில் மத்திய அரசுக்கு வேலை இல்லை.

படம் வருவதற்கு இரண்டு வருடம் முன்னால், 1955இல், மிசிசிப்பியில் எமெட் டில் என்ற பதினாலு வயதுக் கறுப்பினப் பையனைக் கொன்றதாக ராய் பிரயண்ட், ஜே.டபிள்யூ. மிலம் என்று இரண்டு பேர் விசாரிக்கப்பட்டார்கள். முழுக்க வெள்ளைக்கார ஜூரி, ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேலே எடுத்துக்கொண்டு ‘குற்றவாளி அல்ல’ என்றது. நடுவில் சோடா குடிக்க நிறுத்தாமல் இருந்திருந்தால் இவ்வளவு நேரமும் ஆகியிருக்காது என்று அவர்களில் ஒருவர் பத்திரிகைக்காரர்களிடம் சொன்னார். அடுத்த ஜனவரியில் அந்த இரண்டு பேரும் பணம் வாங்கிக்கொண்டு, எப்படிக் கொன்றோம் என்று ‘லுக்’ பத்திரிகைக்கு விவரமாகச் சொன்னார்கள். அச்சில் வந்தது. அந்தக் கொலைக்காக மறுபடி வழக்குப் போட முடியவில்லை. மிலம் 1980இலும் பிரயண்ட் 1994இலும் இறந்துபோனார்கள்.